இடது பக்கத்துச் சுவிட்ச்

காரில் ரேடியேட்டர் விசிறியைப் பற்றிப் புகார் வந்தால் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் ரிலே. ரிலேயும் சரியென்றால் ரேடியேட்டரில் செருகியிருக்கும் வெப்பச் சுவிட்ச். அதற்கப்புறம் எர்த் ஒயர். இத்தனையும் பார்த்த பிறகுதான் மோட்டாரின் மேல் கை வைக்கலாம். எளிதானதில் தொடங்கிக் கடினமானதில் முடிக்க வேண்டும் என்பது விதி. மாவட்ட அலுவலகம் ஒன்றின் வாகனப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விதி எந்த ஜீப்பிலும் பொய்த்து நான் கண்டதில்லை. பொய்த்தது ஒரே ஒரு காரில். அது எங்கள் தெரு அட்டை அண்ணாச்சியின் கார்.

அட்டையால் தீராத சங்கடம் இந்த உலகத்தில் கிடையாது என்று முழு மனதோடு நம்பிய ஒரே மனிதர் அவர்தான். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி ஆர்டர் பிடித்துக் கொடுப்பது தொழில். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். விருதுநகரில் எங்கள் தெருவில் அதைத் தெரிந்து வைத்திருந்தவர் யாருமில்லை, தபால்காரர் உட்பட.

கல்யாணப் பந்தியில் மேசை ஆடினால் சட்டைப் பையிலிருந்து அட்டைத் துண்டு வெளியே வரும். கதவு கீச்சிட்டால் அட்டை. சன்னல் கண்ணாடி உடைந்தால் அட்டை. என் மகள் கல்யாணத்துக்குச் சர்ச்சுக்கு வந்தவர், போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே எழுந்து முன்னால் போனார். எல்லோரும் மனம் திரும்பிவிட்டார் என்று நினைத்தோம். அவர் குனிந்து, ஆடிக்கொண்டிருந்த மைக் ஸ்டாண்டின் காலுக்கு அட்டை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போதகர் ஒரு கணம் திகைத்து, "ஸ்தோத்திரம்" என்று சொல்லித் தொடர்ந்தார்.

எதிர் வீட்டில் புது ஃபிரிட்ஜ் வாங்கியபோது பார்க்கப் போனார். அது வந்த பெட்டியைத் தடவித் தடவி அரை மணி நேரம் நின்றார். "என்னா கனம்! என்னா பசை! மழையில நனைஞ்சாலும் விட்டுக்குடுக்காதுய்யா இது" என்று கண் கலங்கினார். ஃபிரிட்ஜைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். அண்ணாச்சி எவ்வளவு ஊர் சுற்றியோ மதினி அவ்வளவு வீடு தங்கி. கோவில், கடை, விசேஷம் எங்கே கூப்பிட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

"எனக்கு அங்க என்ன வேலை?"

கோபமாகச் சொல்வதில்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்பார். தனக்கு வேலை இல்லாத இடத்தில் போய் நிற்பது அவருக்குக் கூச்சம். ஒரே மகள் அமெரிக்காவில் இருந்து கூப்பிட்டபோதும் இதையேதான் கேட்டார்.

கல்யாணமான புதிதில் அண்ணாச்சி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சாரல் நேரத்தில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவதாக. ஆனால் குற்றாலத்தில் சாரல் விழுகிற நேரமும், தீபாவளிக்குப் பெட்டி ஆர்டர் குவிகிற நேரமும் ஒன்று. வருஷா வருஷம் அருவியை ஆர்டர் ஜெயித்தது. தலை நரைத்து, தொழிலைப் பாதியாகக் குறைத்துக்கொண்ட பிறகுதான் அவருக்கு வாக்கு நினைவுக்கு வந்தது. பழைய கார் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார்.

"ஏ இவளே, இங்கன வந்து பாரு. இந்த வருசம் குத்தாலம்."

மதினி வெளியே வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நீங்க போயிட்டு வாங்க. எனக்கு அங்க என்ன வேலை?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன். எனக்குக் கார் பற்றித்தான் தெரியும்.

*

குற்றாலம் தள்ளிப்போனது. கார் தொழிலுக்கு ஓடத் தொடங்கியது. எனக்குப் பொழுது போகாததால் ஒரு நாள் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம் வரை அவரோடு போனேன். பட்டாசுக் கம்பெனி வாசலில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. வண்டியை அணைத்து, செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் கோட்டைத் தாண்டலாம். வெடிமருந்து புழங்குகிற இடம். ஒரு பொறி போதும்.

அண்ணாச்சி வண்டியை அணைத்தார். சாவியை எடுத்து, ஆட்டியும் காட்டினார். வாட்ச்மேன் அசையவில்லை. காரை உற்றுக் கேட்டார்.

"அண்ணாச்சி, வண்டி நிக்கலையே."

"நின்னுருச்சுய்யா. சாவி கையில இருக்கு பாரு."

"அப்ப உள்ள என்ன சுத்துது?"

"அது விசிறி. வண்டிக்கு வேர்த்திருக்கு. தானா விசிறிக்கிது."

"யாரும் போடாமலா?"

"ஆமா."

வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போனார். "சாவி இல்லாம சுத்துற சாமானை இங்கன நிப்பாட்டாதீக. மொதல்ல வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போங்க. உள்ள அம்புட்டு சனம் வேலை செய்யுது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சில பழைய கார்களில் விசிறிக்கு மின்சாரம் நேரே பேட்டரியிலிருந்து வரும். சூடு தணியும் வரை, சாவியை எடுத்தாலும் சுற்றும். மற்ற ஊர்களில் அது ஒரு சத்தம். எங்கள் பக்கத்தில் அது குற்றம். காரைத் தள்ளினோம். வெயிலில், சாம்பிள் பெட்டிகளைத் தலையில் சுமந்து திரும்பி வந்தோம். ஓய்வூதியம் வாங்குகிற மனிதன் செய்கிற வேலையில்லை என்பதை அண்ணாச்சியிடம் தெரிவித்தேன். அவர் பெட்டிகள் எவ்வளவு லேசு என்று பெருமைப்பட்டார்.

இதற்குப் பரிகாரம் மிகச் சுலபம். விசிறியின் ரிலேக்குப் போகிற ஒயரைச் சாவி வழியாக விட்டால் தீர்ந்தது. சாவியை எடுத்ததும் விசிறி நிற்கும். வண்டி ஓடும்போது தேவைப்பட்டால் தானே சுற்றும். ஒரே ஒரு ஒயர். அரை மணி நேர வேலை. விளக்கிச் சொன்னேன்.

"பாப்போம்" என்றார் அண்ணாச்சி. அடுத்த வாரம் அவரே ஒரு பரிகாரம் கண்டுபிடித்திருந்தார். அது என்னவென்று எனக்குச் சொல்லவில்லை.

அந்த வாரமும் கூடப் போனேன். கம்பெனி வாசலில் இறங்கி பானெட்டைத் திறந்தார், எதையோ செய்தார், மூடினார். வண்டி கப்சிப். வாட்ச்மேன் சலாம் வைத்தார். வேலை முடிந்து திரும்பும்போது திருத்தங்கல் தாண்டுவதற்குள் வெப்பமுள் மேலே ஏறி, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினோம். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனவரின் கையைத் தட்டிவிட்டேன். கொதிக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது விதிக்கும் மேலான விதி.

ஆறவிட்டு, முறைப்படி ஆரம்பித்தேன். ஃபியூஸ் போயிருந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மாற்றினேன். மறுபடியும் போனது. ரிலேயைக் கழற்றி, ஹாரன் ரிலேயை அதன் இடத்தில் போட்டுப் பார்த்தேன். இருந்த கடைசி ஃபியூஸும் போனது. வெப்பச் சுவிட்சின் ஒயர்களைக் கழற்றிச் சோதித்தேன். எர்த் ஒயரைச் சுரண்டினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் என்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவர் கரும்புச்சாறு குடித்துக்கொண்டே, "சாருக்கு வண்டி வேலை தெரியுமா?" என்று இன்னொருவரிடம் விசாரித்தார்.

கடைசியாக, விதிப்படி, மோட்டார். விசிறியின் இலையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே விரலை விட்டேன். நான்காக மடித்த அட்டை ஒன்று இலைகளுக்கு இடையில் இறுக்கமாகச் செருகியிருந்தது. உருவி எடுத்து விரித்தால், பூச்சட்டிப் பட்டாசு படம் போட்ட சாம்பிள்.

சுற்ற முடியாத மோட்டாருக்கு மின்சாரம் போனால் ஃபியூஸ் எரியாமல் என்ன செய்யும்? அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அண்ணாச்சி முகம் மலர்ந்தது.

"அடடே, இது இங்கனயா இருக்கு! உள்ள முதலாளிகிட்ட காட்டணும்னு பையெல்லாம் தேடுனேன்ல."

கரும்புச்சாறு குடித்தவருக்குப் புரையேறியது.

"அண்ணாச்சி, ஒரு ஒயர். ஒரே ஒரு ஒயர்" என்றேன்.

"பாப்போம் சூப்ரண்டய்யா. ஆனா ஒண்ணு பாத்தீகளா? விசிறியே இத ஒடைக்க முடியல. அம்புட்டுத் தரம்."

*

அதற்கப்புறம் அவர் எலக்ட்ரீசியனிடம் போனார். ஒயரைச் சாவி வழியாக விட்டு வருவார் என்று காத்திருந்தேன். வெப்பச் சுவிட்சைத் துண்டித்துவிட்டு, கையால் போடுகிற சாதாரணச் சுவிட்ச் ஒன்றை வைத்துக்கொண்டு வந்தார். போட்டால் சுற்றும், அணைத்தால் நிற்கும். அதையாவது ஓட்டுகிறவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாரா? இல்லை. இடது பக்க சீட்டுக்கு முன்னால், சாமான் வைக்கிற பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். ஓட்டிக்கொண்டே அதைப் போட வேண்டுமானால் ரப்பர் கை வேண்டும்.

"எந்தச் சுவிட்சும் டிரைவர் கைக்குப் பக்கத்தில் இருக்கணும் அண்ணாச்சி. இதை ஏன் அங்கன வச்சீக?"

"அங்கனதான் எடம் இருந்துச்சு."

"இந்தப் பக்கம் எவ்வளவு இடம் கிடக்கு! சரி, சுவிட்சே வேண்டாம். ஒயரைச் சாவி வழியா ஏன் விடல?"

அவர் காதில் விழவில்லை. காருக்கு அடியில் எதையோ தேடப் போய்விட்டார்.

அலுவலகத்தில் பதில் வராத கோப்புக்கு நினைவூட்டல் அனுப்புவது என் பழக்கம். இதற்கும் வாய்மொழியாக அனுப்பிக்கொண்டே இருந்தேன். டீக்கடையில் கேட்டேன். பொங்கலன்று கேட்டேன். அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் பழம் கொடுத்துவிட்டுக் கேட்டேன். கண்ணில் கட்டோடு, "யாரு?" என்றார். குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டதும் தூங்கிவிட்டார்.

ஆனால் சுவிட்ச் வந்த மறுநாள் ஒன்று நடந்தது. தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. மதினி புதுச்சேலை கட்டிக்கொண்டு காரின் இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"என்ன மதினி, எங்க கிளம்பிட்டீக?" என்றேன்.

"விஸ்வநத்தத்துக்கு. விசிறி போட ஆள் இல்லையாம்ல" என்று அலுத்துக்கொண்டார். "வண்டி ஓட்டுவாரா, முள்ளப் பாப்பாரா, குனிஞ்சு சுவிட்சப் போடுவாரா? கண்ணு வேற சரியில்ல. எங்கயாச்சும் போய் மோதிட்டா?"

அன்றிலிருந்து அந்த விசிறிக்கு மதினிதான் அதிகாரி. வெப்பமுள்ளை அவர் கண்காணித்தது போல எந்த டிரைவரும் கண்காணித்ததில்லை. அவர்கள் கார் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே சத்தம் நுழையும்.

"முள்ளு ஏறுது, முள்ளு ஏறுது."

"பாதியிலதான இருக்கு, சும்மா இரு."

"பாதியத் தாண்டி ஒரு மயிரளவு போயிருச்சு. நா போடப்போறேன்."

"இப்பப் போட்டா பேட்டரி தின்னுரும்."

"தின்னுட்டுப் போகுது. நீங்க ரோட்டப் பாருங்க. விசிறி என் பொறுப்பு."

கம்பெனி வாசலில் கார் நின்றதும் மதினி சுவிட்சை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி அறிவிப்பார்: "நிப்பாட்டியாச்சுப்பா." வாட்ச்மேன் அதற்கப்புறம் சாவியைக்கூடக் கேட்கவில்லை. அண்ணாச்சி உள்ளே ஆர்டர் பேசும் நேரத்தில், மதினி வேப்பமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்குகளோடு உட்காரும் பெண்களோடு உட்கார்ந்து பழகினார். யார் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிந்து வந்தார். தெருக்கோடி தாண்டாதவர் வாயில் திருத்தங்கல், ரிசர்வ்லைன் என்று ஊர்ப் பெயர்களாக வந்தன. என் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆளை எடைபோடத் தெரிந்தவள். "மதினிக்கு ரத்தம் ஊறியிருக்குங்க" என்றாள்.

அந்த ஆடியில் மதினியே கேட்டாராம்: "குத்தாலம் போகலையா? விசிறிக்கு நா வாரேன்."

முதல் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெல்ட் அறுந்து திரும்பினார்கள். தெரு முழுக்கப் பால்கோவா சாப்பிட்டது. அடுத்த வருஷம் ராஜபாளையத்தில் டயர் போனது. நாய்க்குட்டி கொண்டுவந்துவிடுவாரோ என்று பயந்தோம், ஆனால் பால்கோவாதான் வந்தது. அதற்கடுத்த வருஷம் எல்லோருக்கும் எலுமிச்சம்பழம் கிடைத்தது. புளியங்குடி வரை எட்டிவிட்டார்கள் என்று தெரு கைதட்டியது. அவர்கள் எதுவரை போனார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கையில் என்ன கொடுத்தார்களோ அதுதான் ஊர்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு வருஷமும் விசிறியால் கார் நிற்கவில்லை. மதினி நிற்க விடவில்லை.

*

போன ஆடியில் அவர்கள் கிளம்பியபோது எல்லாம் புதிது. பெல்ட், டயர், ஹோஸ் பைப், கூலண்ட், நான் பார்த்துப் பார்த்து மாற்றியவை. இந்த முறை குற்றாலம் உறுதி என்று நானே சான்று கொடுத்தேன்.

சாயங்காலம் கார் மினி லாரியின் முதுகில் திரும்பி வந்தது. தெருவில் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"கடையநல்லூர்ல கொதிச்சிருச்சு. ஃபியூஸ் போயிருக்கும்."

மதினி குற்றம் செய்தவர் போல வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் முறைப்படி பார்த்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலே நன்றாக இருந்தது. எர்த் நன்றாக இருந்தது. மோட்டாருக்கு நேரே பேட்டரி கொடுத்தேன். பம்பரமாகச் சுற்றியது. அட்டை ஏதும் இல்லை. இஞ்சினின் தலைப்பகுதி மட்டும் சூட்டில் வளைந்திருந்தது. அப்படியென்றால் ஒன்றுதான் மிச்சம். விசிறி வேலை செய்தது. சுவிட்சை யாரும் போடவில்லை.

"சுவிட்சைப் போடலையா அண்ணாச்சி?"

அவர் காரின் அடியில் தேடப் போகவில்லை. அப்படியே நின்றார். "மெதுவாப் பேசுங்க" என்றார், வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே. அத்தோடு சரி. என்னிடம் பதில் வராத கோப்பு இரண்டானது.

மார்கழியில் மதினி போய்விட்டார். காய்ச்சல் என்றார்கள், நெஞ்சில் சளி என்றார்கள். என் மனைவி கூடவே இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைக்கு வாசலில் போட்டிருந்த பெஞ்சு ஆடிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி அதில்தான் உட்கார்ந்திருந்தார். கை சட்டைப் பைக்குப் போகவில்லை. நான்தான் எங்கிருந்தோ ஒரு அட்டைத் துண்டைத் தேடி எடுத்து வந்து காலுக்கு வைத்தேன்.

காரின் இஞ்சினை ஆள் வைத்துச் சரி செய்தார். ஆனால் எடுக்கவில்லை. அது வாசலிலேயே நின்றது. நினைவூட்டல் அனுப்புவதை நானும் நிறுத்திவிட்டேன். சில கோப்புகளுக்கு அதுவும் ஒரு நடைமுறை.

இந்த ஆடியில் ஒரு நாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"சூப்ரண்டய்யா, அந்த ஒயரு. சாவி வழியா விடணும்னு சொல்லுவீகள்ல. அத விட்டுருவோம்."

"இப்பவா?"

"இனிமே அது தானாத்தான சுத்தணும்."

கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அரை மணி நேர வேலை. நான் சொன்னது சரிதான். துண்டித்திருந்த வெப்பச் சுவிட்சையும் திரும்ப இணைத்து முடித்துவிட்டு, சாவியைப் போட்டு, இஞ்சின் சூடாகும்வரை காத்திருந்தோம். விசிறி தானாகச் சுற்றியது. சாவியை எடுத்தேன். நின்றது. எவ்வளவு சின்ன வேலை. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

இடது பக்கத்துச் சுவிட்சுக்கு இனி வேலை இல்லை. கழற்றட்டுமா என்று ஸ்குரூ டிரைவரைக் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். இடது கதவைத் திறந்து, அந்த சீட்டில் உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அன்னைக்குப் புளியங்குடி தாண்டுனதும் காத்து மாறிருச்சு. மலைக்காத்து. லேசாத் தூத்தல். புளியோதரை கிண்டணும்னு விடியுமுன்ன எந்திரிச்சவ. அப்பிடியே அசந்துட்டா. கை இந்தச் சுவிட்சு மேலயே இருந்துச்சு. முள்ளு ஏறுறத நா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அவ கைய எடுத்து வச்சாத்தான் சுவிட்சத் தட்ட முடியும். முழிச்சிருவா. அந்தா மலை தெரியுதே, இந்தா தென்காசி வந்துருமேன்னு ஓட்டிட்டேன்."

சுவிட்சின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"கொதிச்ச பொறவு பஸ்ல போயிருவோம்னு கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டா. நாந்தான தூங்குனேன், வண்டிய ரோட்டுல விட்டுட்டு எனக்கு மட்டும் என்ன அருவி, அடுத்த வருசம் முழிச்சிருந்து வாரேன்னா."

"முதல்லயே இந்த ஒயரை விட்டிருந்தா..." என்று தொடங்கினேன். பழக்கதோஷம்.

அண்ணாச்சி சிரித்தார். மதினி போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"விட்டுருந்தா விசிறி தானா சுத்தியிருக்கும். அப்புறம், எனக்கு அங்க என்ன வேலைன்னு அவ கேட்டா, நா என்னய்யா பதில் சொல்லுவேன்?"

சுவிட்சை ஒரு தரம் போட்டு, ஒரு தரம் அணைத்தார். வானம் மேற்கே, குற்றாலத்துப் பக்கம், இருட்டிக் கிடந்தது. காரில் வலது பக்கம் காலியாக இருந்தது. நான் ஸ்குரூ டிரைவரைப் பெட்டியில் வைத்துவிட்டு, அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

என் இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த தேதி, ஆடி ஒன்று.